501-ஆவது யூனிட்: ஒரு கட்டண ஆணையைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது எப்படி

2022 ஜூலை 18. தமிழ்நாட்டில் மின் கட்டண உயர்வு அறிவிப்பு வந்த அன்று இரவே பெருந்துறையிலிருந்து சித்தப்பா போன் செய்தார். "ஏங் கண்ணு, டிவில கணக்கு ஓடுதே, பாத்தியா? 500 யூனிட் எரிக்கிறவனுக்கு மாசம் 297 ரூபா 50 காசு ஏறுதாம். 600 எரிக்கிறவனுக்கு வெறும் 155 தானாம். தப்பா அடிச்சுப்போட்டானுகளா?"

அச்சுப் பிழையாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. எழுந்து எக்செல்லைத் திறந்து பழைய கட்டணத்தையும் புதுக் கட்டணத்தையும் இரண்டு பத்தியாகப் போட்டேன். பிழை இல்லை. இரண்டு எண்ணும் சரி. ஏன் சரி என்று புரிந்துகொள்ளப் போனதில்தான், ஒரு விதி மாறும்போது யாருக்கு என்ன ஆகிறது என்று கணினியில் ஓட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது.

நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. கோவையில் மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலை. அடுத்தவர் எழுதிய நிரல் எங்கே உடையும் என்று நோண்டுவதற்குத்தான் சம்பளம். சட்ட விதியும் ஒருவகை நிரல்தான் என்று வைத்துக்கொண்டால், எங்கள் தொழில் புத்தி இங்கே நன்றாகவே வேலை செய்கிறது. அந்தக் கட்டண ஆணையையே எடுத்துக்காட்டாக வைத்து முறையைச் சொல்கிறேன். வருமான வரி, உதவித்தொகை, பேருந்துச் சலுகை எதற்கும் வழி இதேதான்.

மூலப் பத்திரத்தில் ஆரம்பியுங்கள்

நான் செய்த முதல் தப்பு, டிவியில் ஓடிய அட்டவணையை விதி என்று எடுத்துக்கொண்டது. அது விதியின் விளைவு. விதி வேறு இடத்தில் இருக்கிறது. மின்சாரச் சட்டம் 2003-இன் 62-ஆவது பிரிவின்படி கட்டணத்தை நிர்ணயிப்பது ஒழுங்குமுறை ஆணையம். ஏதாவது ஒரு பிரிவினருக்கு மானியம் தர வேண்டும் என்று மாநில அரசு நினைத்தால், 65-ஆவது பிரிவின்படி அந்தப் பணத்தை அரசே மின்வாரியத்துக்குக் கொடுக்க வேண்டும். ஆக நம் வீட்டு ஈபி பில்லுக்குப் பின்னால் இரண்டு விதிகள் இருக்கின்றன. மேலே ஆணையத்தின் விலை, அதற்குள் அரசு கழித்துக்கொடுக்கும் மானியம். பில்லில் நமக்குத் தெரிவது மிச்சம்தான்.

இரண்டையும் ஒரே எண்ணாகச் சுருக்கிவிடாதீர்கள். நான் சுருக்கினேன். அதனால் என்ன தவறிப்போனது என்று பின்னால் வருகிறது.

ஆணை வெளியான நாளும் நடைமுறைக்கு வந்த நாளும் வேறு வேறு. இங்கே ஜூலையில் வந்தது மின்வாரியத்தின் முன்மொழிவுதான்; ஆணை 2022 செப்டம்பர் 9, நடைமுறை செப்டம்பர் 10. இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எண்களைச் சூத்திரத்துக்குள் புதைக்காதீர்கள்

கட்டண விகிதங்களுக்கு ஒரு தனி ஷீட் போடுங்கள். அதில் தேதி, எந்த யூனிட்டிலிருந்து, எந்த யூனிட் வரை, என்ன விலை என்று நான்கு பத்தி இருந்தால் போதும். கணக்குப் போடும் சூத்திரம் வேறு ஷீட்டில் இருந்துகொண்டு, இங்கிருந்து எடுத்துக்கொள்ளட்டும். பிரான்சில் 2011-இல் தொடங்கிய ஓபன்ஃபிஸ்கா என்ற திறந்த மூல மென்பொருளின் அடிப்படையே இந்தப் பிரிவினைதான். விகிதங்கள் தேதியோடு ஒரு பக்கம், சூத்திரம் பைத்தான் என்ற நிரல் மொழியில் இன்னொரு பக்கம். அந்நாட்டு நாடாளுமன்றத்தின் கீழவை அதன் மேலேயே லெக்ஸ்இம்பாக்ட் என்ற கருவியைக் கட்டியிருக்கிறது. வரிச் சட்டத்தில் ஒரு எண்ணை மாற்றினால் யாருக்கு எவ்வளவு என்று உறுப்பினர்களே பார்த்துக்கொள்ளலாம். நமக்கு அவ்வளவு பெரிய வண்டி இப்போது தேவையில்லை, எக்செல்லோ லிப்ரே ஆபிஸோ போதும். ஆனால் இந்த ஒரு பழக்கத்தை மட்டும் கடன் வாங்கிக்கொள்ளுங்கள். 2024 ஜூலை 1-இல் கட்டணம் மறுபடி 4.83 சதவீதம் ஏறியபோது நான் சூத்திரத்தைத் தொடவே இல்லை. விகித ஷீட்டில் புதுத் தேதியோடு சில வரிகள் சேர்த்தேன், முடிந்தது.

என் ஷீட்டில் இருந்ததைத் தருகிறேன். எல்லாம் வீட்டு இணைப்பு, இரண்டு மாதத்துக்கு, மானியம் போக நாம் கட்டும் தொகை.

பழையது (2022 செப்டம்பர் 9 வரை):
100 யூனிட் வரை: பணம் இல்லை.
மொத்தம் 200-க்குள் என்றால்: 101 முதல் யூனிட்டுக்கு 1.50, நிலைக் கட்டணம் 20 ரூபாய்.
மொத்தம் 201 முதல் 500 என்றால்: 101–200-க்கு 2.00, 201–500-க்கு 3.00, நிலைக் கட்டணம் 30.
மொத்தம் 500-ஐத் தாண்டினால்: 101–200-க்கு 3.50, 201–500-க்கு 4.60, அதற்கு மேல் 6.60, நிலைக் கட்டணம் 50.

புதியது (2022 செப்டம்பர் 10 முதல் 2024 ஜூன் 30 வரை):
100 வரை: பணம் இல்லை. நிலைக் கட்டணம் யாருக்கும் இல்லை.
மொத்தம் 500-க்குள் என்றால்: 101–200-க்கு 2.25, 201–400-க்கு 4.50, 401–500-க்கு 6.00.
மொத்தம் 500-ஐத் தாண்டினால்: 101–400-க்கு 4.50, 401–500-க்கு 6.00, 501–600-க்கு 8.00, 601–800-க்கு 9.00, 801–1000-க்கு 10.00, அதற்கு மேல் 11.00.

இதில் ‘மொத்தம்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். சாதாரண வருமான வரிப் படி மாதிரி இது மேலே மேலே அடுக்கும் படி மட்டும் இல்லை. மொத்த யூனிட் எவ்வளவு என்று பார்த்து முதலில் எந்த அட்டவணை என்று தேர்ந்தெடுக்க வேண்டும், அப்புறம்தான் அடுக்க வேண்டும். 501-ஆவது யூனிட்டை எரித்த நிமிடத்தில் 101-ஆவது யூனிட்டின் விலையும் மாறிவிடுகிறது. சூத்திரத்தில் இந்தத் தேர்வு முதல் வரியாக வர வேண்டும்.

எல்லைக் கோட்டில் நின்று பாருங்கள்

சோதனைத் தொழிலில் நாங்கள் முதலில் தட்டிப் பார்ப்பது எல்லைகளைத்தான். 500-க்குள் என்றால் 500 உள்ளேயா, வெளியேயா? நான் அவசரத்தில் ‘500-க்குக் குறைவாக’ என்று சூத்திரத்தில் எழுதிவிட்டேன். 499 சரியாக வந்தது, 501 சரியாக வந்தது. சரியாக 500 யூனிட் எரித்த வீட்டுக்கு மட்டும் 225 ரூபாய் கூடுதல் பில். 99, 100, 101, 199, 200, 201, 499, 500, 501 என்று ஒவ்வொரு எல்லைக்கும் மூன்று எண் வீதம் போட்டுக் கையால் கணக்குப் பார்த்து, சூத்திரம் சொல்வதோடு ஒப்பிடுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்து, வெளியிலிருந்து கிடைக்கும் விடைகளோடு ஒத்துப்பார்க்க வேண்டும். டிவி அட்டவணை இதற்குத்தான் உதவும். அதை விதியாக எடுக்கக்கூடாது, விடைத்தாளாக எடுக்கலாம். 200 யூனிட்டுக்கு மாதம் 27.50, 300-க்கு 72.50, 400-க்கு 147.50, 500-க்கு 297.50, 600-க்கு 155, 700-க்கு 275, 800-க்கு 395, 900-க்கு 565 உயர்வு என்று அறிவித்திருந்தார்கள். என் ஷீட் 500-க்குப் பழையது 1130, புதியது 1725, வித்தியாசம் 595 என்றது. பாதியாக்கினால் 297.50. எட்டும் பைசா சுத்தமாகப் பொருந்தின.

இதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. யூனிட் இரண்டு மாதத்துக்கு, உயர்வு ஒரு மாதத்துக்கு. ஒரே அட்டவணையில் இரண்டு காலக்கணக்கு. நான் முதலில் எல்லாம் மாதக் கணக்கு என்று நினைத்துக்கொண்டு அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். ஒவ்வொரு பத்தியின் தலைப்பிலும் ‘இரு மாதம்’ அல்லது ‘மாதம்’ என்று எழுதிவையுங்கள்.

அப்புறம் வீட்டில் கிடக்கும் நிஜ பில்களைப் போட்டுப் பாருங்கள். எங்கள் காம்பவுண்டில் ஆறு வீடு. எல்லார் வீட்டு ஈபி பில்லையும் வாங்கிப் போட்டேன். ஒன்று மட்டும் ஒத்து வரவில்லை. பார்த்தால் அது கடை இணைப்பு, கட்டணப் பட்டியலே வேறு.

ஒவ்வொரு யூனிட்டாக ஓட்டுங்கள்

இதுதான் எனக்குப் பிடித்த இடம். 1 முதல் 1000 வரை ஆயிரம் வரிகள் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பழைய பில், புது பில், வித்தியாசம். வித்தியாசத்தை மட்டும் வரைபடமாக்கிப் பாருங்கள். நூறு நூறாகத் தாவிய டிவி அட்டவணையில் தெரியாதது எல்லாம் அதில் தெரியும்.

முதலில் இடது ஓரம். கோடு பூஜ்யத்துக்குக் கீழே போகிறது! 101 யூனிட் எரித்தவர் முன்பு 21.50 கட்டினார், இனி 2.25. நிலைக் கட்டணம் 20 ரூபாய் போய்விட்டதால் 126 யூனிட் வரை பில் குறைகிறது. 201, 202, 203 யூனிட்டிலும் சில ரூபாய் குறைகிறது. ‘கட்டண உயர்வு’ என்று பேர் வாங்கிய ஆணையில் பில் குறைந்தவர்களும் இருந்தார்கள். நான் சொன்னபோது எங்கள் ஆபிஸில் ஒருவரும் நம்பவில்லை, ஷீட்டைக் காட்ட வேண்டியிருந்தது.

அப்புறம் நடுவில் ஒரு செங்குத்துப் பள்ளம். 500-இல் 595 ரூபாய் என்று நிற்கும் வித்தியாசம், 501-இல் 171.40 என்று விழுகிறது. சித்தப்பாவின் கேள்வி இதுதான். விடை பழைய பில் பத்தியில் இருக்கிறது. பழைய விதியில் 500 யூனிட்டுக்கு 1130. ஒரே ஒரு யூனிட் கூடினால் 1786.60. அந்த ஒரு யூனிட்டின் விலை 656 ரூபாய் 60 காசு. புது விதியில் 1725-லிருந்து 1958, அதாவது 233 ரூபாய். பில்லில் 500-க்கும் 501-க்கும் நடுவே இருந்த இந்தப் பள்ளத்தைப் புதிய ஆணை முழுதாக மூடவில்லை, பாதிக்கு மேல் தூர்த்தது. தூர்த்த மண்ணை எங்கிருந்து எடுத்தார்கள்? 500-க்குள் இருந்தவர்களிடமிருந்துதான், அதிலும் 400-ஐத் தாண்டியவர்களிடமிருந்து அதிகம். 500-ஐத் தாண்டியவர் ஏற்கெனவே அந்த 656-ஐக் கட்டிக்கொண்டிருந்தவர். அதனால் அவருக்கு உயர்வு குறைவாகத் தெரிகிறது.

இப்போது அந்த 233-ஐப் பிரித்துப் பாருங்கள். 8 ரூபாய் 501-ஆவது யூனிட்டின் விலை. மீதி 225. இது எங்கிருந்து வந்தது என்று ரொம்ப நாள் புரியாமல் இருந்தது. மேலே சொன்ன இரண்டு விதிகளையும் நான் ஒன்றாகச் சுருக்கியிருந்ததன் வினை. ஆணையத்தின் விலையை மட்டும் தனியாக எடுத்தால், முதல் யூனிட்டிலிருந்து 400 வரை ஒரே விலை: 4.50. அதில் பள்ளமே இல்லை. முதல் 100 யூனிட்டுக்கு அரசு முழு மானியம், 450 ரூபாய். அடுத்த 100-க்குப் பாதி மானியம், 225 ரூபாய், ஆனால் மொத்தம் 500-க்குள் இருந்தால் மட்டும். 501-இல் அந்த 225 நின்றுபோகிறது. பள்ளம் இருப்பது விலையில் இல்லை, மானியத்தில். இதை மாற்றச் சொல்ல வேண்டும் என்றால் ஆணையத்திடம் போய்ப் பயனில்லை, கோட்டைக்குத்தான் எழுத வேண்டும். மனுவை எந்த முகவரிக்கு அனுப்புவது என்பதையே ஒரு எக்செல் பத்தி தீர்மானித்துவிட்டது.

ஆட்களைச் சேர்ப்பது

இதுவரை போட்டது ஒரு வீட்டுக் கணக்கு. ஊருக்கே என்ன ஆகும் என்று கேட்டால், எத்தனை வீடு எந்த யூனிட்டில் நிற்கிறது என்று தெரிய வேண்டும். அறிவிப்பிலேயே ஒரு பங்கீடு இருந்தது. மொத்தம் 2.37 கோடி வீட்டு இணைப்புகள். அதில் 1 கோடிக்கு மாற்றமில்லை. 200 வரை 63.35 லட்சம், 300 வரை 36.25 லட்சம், 400 வரை 18.82 லட்சம், 500 வரை 10.56 லட்சம், 600 வரை 3.14 லட்சம், 700 வரை 1.96 லட்சம், 800 வரை 1.26 லட்சம், 900 வரை 84 ஆயிரம்.

நான் என்ன செய்தேன்? ஒவ்வொரு எண்ணையும் அந்தந்தப் படிக்கு அறிவித்த உயர்வால் பெருக்கினேன். மாதம் சுமார் 123 கோடி, ஆண்டுக்கு 1474 கோடி ரூபாய் மக்கள் கூடுதலாகக் கட்டுவார்கள் என்று வந்தது. அந்த ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னையில் ஆணையத்தின் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடந்தன. அதற்குப் போகும் நண்பர் ஒருவர் கேட்டார் என்று ஒரு பக்கத் தாளில் இந்த எண்ணைக் கொட்டை எழுத்தில் போட்டுக் கொடுத்தேன். கிளம்பும் முன் அவர் வீட்டில் நாலு பேர் உட்கார்ந்து தாளைப் பார்த்தோம். கல்லூரிக்குப் போகும் அவர் மகள் மெதுவாகக் கேட்டாள்: "அண்ணா, எல்லாரும் கரெக்டா 200-லயும் 300-லயும்தான் நிக்கிறாங்களா?"

அவ்வளவுதான். 101-லிருந்து 200 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கக்கூடிய 63 லட்சம் வீடுகளையும் நான் 200-இல் கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன். அவர்களில் 126 வரை இருப்பவர்களுக்கு பில் குறைகிறது என்று நானே கண்டுபிடித்த பிறகும்!

வீடுகள் ஒவ்வொரு படிக்குள்ளும் சீராகப் பரவியிருக்கின்றன என்று வைத்துக்கொண்டால், நடுப்புள்ளியை எடுக்கலாம்: 150, 250, 350 என்று. ஒவ்வொரு நூறுக்குள்ளும் வித்தியாசம் நேர்கோடாகப் போவதால் இந்தக் குறுக்கு வழி இங்கே செல்லும். அப்படிப் போட்டால் ஆண்டுக்குச் சுமார் 944 கோடி. ஒரே விதி, ஒரே வீடுகள். ஆட்களைப் படிக்குள் எங்கே நிறுத்துகிறோம் என்ற ஊகம் மட்டும் 530 கோடி ரூபாயை நகர்த்திவிட்டது. அன்றைக்குத் தாளைக் கிழித்துவிட்டு, இரண்டு எண்ணையும் அருகருகே போட்டு, எந்த ஊகத்துக்கு எந்த எண் என்று எழுதிக் கொடுத்தேன். 900-க்கு மேலே உள்ளவர்கள் இரண்டிலும் சேர்க்கப்படவில்லை என்பதையும் கீழே ஒரு வரி போட்டேன்.

இதைவிட நல்ல தரவு வேண்டும் என்றால், மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு இருக்கிறது. 2022 ஆகஸ்ட் முதல் 2023 ஜூலை வரை நடந்த சுற்றின் வீடுவாரியான தரவை அமைச்சகமே தருகிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எடை எண் இருக்கும், அதாவது அந்த ஒரு வீடு எத்தனை வீடுகளுக்குப் பதிலாக நிற்கிறது என்று. அதால் பெருக்காமல் கூட்டினால் விடை குப்பை. எரிபொருள் கேள்விகள் கடந்த 30 நாளைப் பற்றியவை, நம் பில்லோ 60 நாளுக்கு. இன்னொன்று, அந்தச் சுற்று நடந்துகொண்டிருந்தபோதே நம் கட்டணம் மாறிவிட்டது. ஆகஸ்டில் கேட்ட வீடும் ஜனவரியில் கேட்ட வீடும் வேறு வேறு விதியின் கீழ் இருந்தவை.

எந்தத் தரவை எடுத்தாலும் ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: சராசரியை விதிக்குள் போடுவது. ஒரு வீடு 400, இன்னொன்று 600. சராசரி 500-க்கு பில் 1725. ஆனால் 400-க்கு 1125, 600-க்கு 2750. இரண்டு பில்லின் சராசரி 1937.50. வளைந்த விதிக்குள் சராசரியை விட்டால் இப்படித்தான் பணம் காணாமல் போகும். ஒரே வீட்டின் வருடக் கணக்கிலும் இதே கதைதான். எங்கள் வீட்டில் மார்கழியில் 420, சித்திரையில் 560. சராசரி 490 என்று நம்பி பட்ஜெட் போட்டால் கோடையில் வாங்கும் அடி தெரியாது.

இல்லாத விதியை ஓட்டிப் பார்ப்பது

பழசையும் புதுசையும் ஒப்பிடக் கற்றுக்கொண்டால், இன்னும் வராத விதியையும் ஓட்டலாம். 500-ஐத் தாண்டியவர்களுக்கும் அந்த 225-ஐக் கொடுத்துவிட்டால் என்ன? பள்ளம் மூடிவிடும். செலவு: 900 வரை உள்ள 7.20 லட்சம் வீடுகள், ஒரு பில்லுக்கு 225, ஆண்டுக்கு ஆறு பில். சுமார் 97 கோடி. அந்த 97 கோடி முழுவதும் ஏசி ஓடும் வீடுகளுக்குப் போகிறதே என்று யாராவது கேட்பார்கள், நியாயமான கேள்வி. சரி, 501-லிருந்து யூனிட்டுக்கு ஒரு ரூபாய் வீதம் குறைத்து 725-இல் பூஜ்யமாக்கினால்? விகித ஷீட்டில் ஒரு வரி மாற்றம், செலவு இறங்கும், பள்ளம் சரிவாகிவிடும்.

தேர்தலில் பேசப்பட்ட, மாதம் ஒருமுறை ரீடிங் எடுக்கும் முறையையும் போட்டுப் பார்த்தேன். எல்லாப் படிகளையும் பாதியாக்கினேன்: 50 இலவசம், எல்லை 250 என்று. மாதமாதம் ரீடிங் எடுத்தால் எல்லாருக்கும் லாபம் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். ஒரு மாதம் 180, அடுத்த மாதம் 300 எரிக்கும் வீட்டை எடுங்கள். இரு மாதக் கணக்கில் 480-க்கு 1605. மாதக் கணக்கில் 472.50-உம் 1375-உம் சேர்ந்து 1847.50. நஷ்டம் 242.50. காரணம், இரண்டாவது மாதம் தனியாக 250-ஐத் தாண்டிவிட்டது. அதே நேரம் 230-உம் 290-உம் எரிக்கும் வீட்டுக்கு இரு மாதக் கணக்கில் 2110, மாதக் கணக்கில் 2037.50, கொஞ்சம் லாபம். பிள்ளைகள் லீவுக்கு வந்து ஒரு மாதம் மட்டும் எகிறும் வீட்டுக்கு இந்தச் சீர்திருத்தம் உதவாது. உதவுவது ரீடிங் எடுப்பவர் தாமதமாக வரும் ஊர்களுக்கு, அதுவும் சுற்று தள்ளிப்போகாமல் எடுத்தால். ஒரு நாளைக்கு 8.2 யூனிட் எரிக்கும் வீடு 60 நாளில் 492, பில் 1677. ரீடிங் எடுப்பவர் மூன்று நாள் கழித்து வந்தால் 517 ஆகிவிடும், பில் 2086. மூன்று நாள் கரண்டுக்கு 409 ரூபாய்.

மனிதர்கள் சும்மா இருக்க மாட்டார்கள்

இதுவரை போட்ட கணக்கில் எல்லாரும் விதி மாறியது தெரியாத மாதிரியே மின்சாரம் எரிக்கிறார்கள். நிஜத்தில் அப்படி இல்லை. ஆனால் விலை ஏறினால் எத்தனை சதவீதம் குறைப்பார்கள் என்று நாமாக ஒரு எண்ணை அடித்துவிட்டு, அதைக் கண்டுபிடிப்பு மாதிரி காட்டக் கூடாது. நான் மூன்று முறை ஓட்டுவேன்: யாரும் குறைக்கவில்லை, எல்லாரும் 5 சதவீதம் குறைத்தார்கள், 10 சதவீதம் குறைத்தார்கள். மூன்று விடையும் பக்கத்தில் பக்கத்தில்.

பள்ளத்தின் ஓரத்தில் இருப்பவர்களுக்குச் சதவீதம் பொருந்தாது. 505-இல் நிற்பவர் ஐந்து யூனிட் குறைக்க எதுவும் செய்வார், 700-இல் நிற்பவருக்குக் கவலையில்லை. அதனால் 501 முதல் 520 வரை இருப்பவர்களை 500-க்கு இறக்கி ஒருமுறை தனியாக ஓட்டுங்கள்.

பெரிய ஓட்டை வேறு. ஒரே வீட்டுக்கு மாடிக்கு ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு மீட்டர். ஒரே மீட்டரில் 600 என்றால் 2750. இரண்டு மீட்டரில் 300, 300 என்றால் 675-உம் 675-உம், மொத்தம் 1350. பாதிக்குப் பாதி. அதற்கு மேல் அரசு தரும் இலவசமும் இரட்டிப்பு. எந்த விதியை எழுதினாலும், அதை இரண்டாகப் பிரித்துக்கொண்டால் என்ன ஆகும் என்று ஒரு சோதனை போட்டுவிடுங்கள். நம் ஊரில் அந்தச் சோதனையை உங்களுக்கு முன்னாலேயே யாராவது செய்து முடித்திருப்பார்கள்.

கொடுக்கும்போது

விடையை ஒரே எண்ணாகக் கொடுக்காதீர்கள். நான் இப்போது மூன்று தாள் கொடுக்கிறேன். முதல் தாளில் ஐந்தாறு வீடுகள், பேர் இல்லாமல், ஆனால் முகம் தெரிகிற மாதிரி: ஒற்றை விளக்கு வீடு, இரண்டு ஃபேனும் ஃபிரிட்ஜும் உள்ள வாடகை வீடு, ஒரு ஏசி வீடு, மாடியும் கீழும் சேர்ந்த கூட்டுக் குடும்பம். ஒவ்வொன்றுக்கும் பழைய பில், புது பில். இரண்டாம் தாளில் அந்த வரைபடம். மூன்றாவதில்தான் கோடிக் கணக்கு, ஊகங்களோடு. எல்லாரும் முதல் தாளைத்தான் படிப்பார்கள். அதிகாரிகளும் அப்படித்தான் என்று நண்பர் சொன்னார். ஷீட்டையும் கூடவே அனுப்பிவிடுங்கள், பூட்டுப் போடாமல். 1474 கோடியைப் பிடித்தது ஒரு கல்லூரிப் பெண். என் கண்ணுக்கு அது தெரியவே இல்லை.

சித்தப்பாவுக்கு அந்த வாரக் கடைசியில் நேரில் போய் லேப்டாப்பில் காட்டினேன். வரைபடத்தில் 500-க்குப் பக்கத்தில் கோடு விழுவதை ரொம்ப நேரம் பார்த்தார். அவர் வீட்டு ஈபி கார்டை எடுத்து வரச் சொன்னார். கடைசி ரீடிங்கில் 496. "நாலே யூனிட்டு," என்றார். இப்போது அவர் வீட்டு மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு தினசரிக் காலண்டர் தொங்குகிறது. தாளைக் கிழிக்கும்போதே அன்றைய ரீடிங்கைப் பின்பக்கத்தில் எழுதி, ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைக்கிறார். ஐம்பதாவது நாள் தாண்டினால் சித்தி மாவு அரைக்கப் பக்கத்துத் தெரு மில்லுக்குப் போகிறார்.